எந்திரத்தின் காய்ச்சல்

மருத்துவமனைக் கட்டிலருகே தொங்கும் காய்ச்சற் படத்தைக் காணாதவர் அரியர். கட்டம் போட்ட தாளிலே, காலையும் மாலையும் எடுத்த உடற்சூட்டைப் புள்ளியாக இட்டு, புள்ளிகளைக் கோட்டால் இணைத்திருப்பார்கள். இவ்வழக்கத்துக்கு வலுவூட்டியவர் யேர்மனியின் லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் கார்ல் வுண்டர்லிக் என்பவர். பல்லாயிரம் நோயாளரின் சூட்டை அளந்து குறித்து, 1868ஆம் ஆண்டில் அவர் ஒரு பெருநூலை வெளியிட்டார். ஒருமுறை எடுத்த அளவைக்கொண்டு நோயை அறிய முடியாது. நாட்கணக்கில் எழுந்தும் விழுந்தும் செல்லும் அந்தக் கோடே நோயின் இயல்பைக் காட்டும் என்பது அவர் துணிபு. மனித உடலைப்பற்றி மருத்துவர் அன்று கண்ட இந்த உண்மையை மோட்டார் எந்திரத்தைப்பற்றி அறிந்துகொள்ள மேலும் பல பதிற்றாண்டுகள் சென்றன. அதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றவர்கள் யாரெனில், தொழிற்சாலை செய்து விற்ற காரை வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலே பிரித்துப் பூட்டி, கூடுதலான வேகத்தை அதனிடம் கேட்டவர்களே.

பெற்றோல் எந்திரத்தினுள் எரியும் வாயு ஒரு கணப்பொழுது 2,000 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். உருகுவதற்கு நெடுமுன்னரே வலிமையை இழந்துவிடும். நெருப்புக்கும் உலோகத்துக்குமிடையே காவலாக நிற்பவை மூன்று: சுவரை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம், நெருப்பு நிலைக்கும் நேரத்தின் குறுமை, வெளிப்புறத்தே சூட்டை வாங்கிச் செல்லும் நீர் அல்லது காற்று. எரிபொருளின் வெப்பத்திலே மூன்றிலொரு பங்கோ அதனினும் குறைவோதான் சில்லைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. எஞ்சியது புகையோடும் குளிர்த்தும் நீரோடும் காற்றோடும் போய்ச் சேரவேண்டும். வீட்டில் எந்திரத்தைத் திருத்துபவர் இரண்டாவது காபுரேற்றரைப் பூட்டுகிறார். சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்கிறார். அதே உலோகக் கூட்டுக்குள் முன்னிலும் கூடுதலான எரிபொருள் எரிகிறது. ஆனால் சூட்டை அகற்றும் விசிறியும் றேடியேற்றரும் செய்தவன் கொடுத்த அளவிலேயே இருந்துவிடுகின்றன. உலோகமோ முன்னறிவித்தல் தருவதில்லை. அது சிவந்து காட்டுவதுமில்லை. காதுக்கு எட்டும் தட்டொலி வருமுன்னே கேடு தொடங்கிவிடுவதும் உண்டு.

ஆகவே அளக்க வேண்டும். ஆனால் எதைக்கொண்டு அளப்பது? கண்ணாடிக் குழாயில் அடைத்த இரசத்தை நெருப்பினுள் நுழைக்க இயலாது. இங்கிலாந்திலே மட்பாண்டத் தொழிலிற் புகழ்பெற்ற யோசையா வெட்ஜ்வுட், களிமண் துண்டுகள் சூளையில் எவ்வளவு சுருங்குகின்றன என்பதைக்கொண்டு சூட்டை மதிப்பிடும் முறையொன்றை 1782இல் வெளியிட்டார். சூளைக்கு அது உதவியது; ஓடும் எந்திரத்துக்கு உதவாது. வழி பிறந்தது வேறோரிடத்தில். 1821இல் பேர்லினிலே தோமஸ் சீபெக் என்னும் அறிஞர் இருவேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு சந்தியைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்பமே காந்தத்தைப் பிறப்பிக்கிறது என்று அவர் கொண்டார். வளையத்தில் மின்னோட்டம் பாய்கிறது என்பதை உணர்ந்து உரிய பெயரிட்டவர் டென்மார்க்கின் ஏர்ஸ்ரெட். பிரான்சு நாட்டின் லெ சத்தலியே 1886ஆம் ஆண்டளவில் பிளாற்றினத்தையும் பிளாற்றின-றோடியக் கலவையையும் இணைத்து, உலைகளுக்கேற்ற நம்பத்தக்க வெப்பவிணையை ஆக்கினார். 1906இலே அமெரிக்கரான ஆல்பெர்ட் மார்ஷ் நிக்கல்-குரோமியக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வழியிலே குரோமெல், அலுமெல் என்னும் மலிவான கம்பிச் சோடி வந்தது. இன்றும் எந்திரங்களிற் பெரிதும் பயன்படுவது அதுவே.

இவ்வெப்பவிணையின் ஓர் இயல்பை இங்கே நினைவில் நிறுத்துதல் வேண்டும். அது காட்டுவது சூட்டையன்று. இரு முனைகளின் சூட்டுக்கிடையேயுள்ள வேறுபாட்டை. ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 41 மைக்குரோவோற்று மின்னழுத்தம் பிறக்கிறது. 200 பாகை வேறுபாடும் எட்டு மில்லிவோற்றளவே தரும். மீற்றர் பூட்டிய முனையில் எவ்வளவு சூடு நிலவுகிறது என்பது தெரியாவிடின், மறுமுனையின் சூட்டைச் சரியாகச் சொல்ல இயலாது.

எந்திரத்தின் சுவரினுள்ளே முதன்முதல் ஆழ்ந்து நோக்கியவர்களுள் இருவரைச் சிறப்பாகக் கூறவேண்டும். கனடாவின் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திலே கலண்டர் என்னும் பௌதிகப் பேராசிரியரும் நிக்கல்சன் என்னும் பொறியியற் பேராசிரியரும் 1895ஆம் ஆண்டளவில் நீராவி எந்திரமொன்றின் சுவரிலே துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் வெப்பவிணைகளைப் பதித்தனர். நீராவியின் சூடு ஒவ்வொரு சுற்றிலும் பெரிதாக ஏறி இறங்கியபோதும் சுவரின் சூடு அதனுடன் சிறிதளவே அசைந்தது. நெருப்பு ஒன்று, உலோகம் வேறொன்று. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று. இதே கலண்டர்தான் 1897ஆம் ஆண்டளவில் சூட்டைத் தானாகவே தாளில் எழுதும் பதிகருவியையும் ஆக்கினார். சாள்ஸ் டார்வினின் புதல்வர் ஹொரஸ் டார்வின் நடத்திய கேம்பிரிட்ஜ் அறிவியற் கருவி நிறுவனம் அதைச் செய்து விற்றது. மெல்லச் சுழலும் உருளையில் தாள், தாளின்மீது பேனா. இரவு முழுதும் காவலிருந்து எழுதும் எழுத்தன் ஒருவனை எந்திரத்துக்கு அமர்த்தியது போலாயிற்று. ஆயினும் அக்கருவி மேசையொன்றை நிரப்பும் பருமனுடையது. காரில் ஏற்றிச் செல்லத்தக்கதன்று.

சாலையிற் செல்பவருக்குக் கிடைத்த முதற் கருவி மிக எளியது. 1912ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் ஹரிசன் போய்ஸ் என்பவர் றேடியேற்றர் மூடியிலேயே ஒரு வெப்பமானியைப் பொருத்தினார். மோட்டோமீற்றர் எனப்பட்ட அதன் செந்நிறத் திரவம் ஏறுவதைச் சாரதி ஆசனத்திலிருந்தே காணலாம். காரின் மூக்கில் நிமிர்ந்து நின்ற அவ்வட்டம் அக்காலத்து ஊர்திகளுக்கு அணிகலனும் ஆயிற்று. ஆனால் அது அளந்தது எதை? நீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டை. பின்னர் சாரதியின் முன்னுள்ள பலகைக்கு வந்த மானிகள் நீரிலேயே அமிழ்ந்த குமிழைக் கொண்டிருந்தன. எனினும் நீர் ஒழுகி வற்றிவிட்டால் குமிழ் வெறுங்காற்றில் தொங்கும். எந்திரம் வேகும்போதே முள் கீழிறங்கி நலம் என்று சொல்லும். பொய் சொல்லாத கருவியும் தவறான இடத்தில் வைத்தால் இவ்வாறே ஏமாற்றிவிடுகிறது.

நீரின் கொதிநிலையும் எங்கும் ஒன்றன்று. கொழும்பிலே 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே 94 பாகையளவிற் கொதிக்கும். மலையேறும் பழைய லொறிகள் வழியில் நின்று மூச்சு வாங்குவதை நேயர்கள் கண்டிருப்பர். ஏற்றத்தின் கடுமை ஒரு காரணம். கொதிநிலை தாழ்ந்து போவது மற்றொரு காரணம். அடைத்து அழுத்தம் கொடுக்கும் மூடி வந்தபின்னரே இத்தொல்லை குறைந்தது.

உலோகத்தையே அளக்கும் கலை வானூர்தியின் தேவையால் வளர்ந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பார்ன்பரோவிலே கிப்சன் என்னும் பேராசிரியரும் சாம் ஹெரன் என்னும் இளம் பொறியியலாளரும் காற்றாற் குளிரும் சிலிண்டர்களை ஆராய்ந்தனர். ஹெரன் பின்னர் அமெரிக்கா சென்று, உட்குழிந்த வால்வினுள்ளே சோடியத்தை அடைத்து, அது உருகிக் குலுங்கும்போது வால்வுத் தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்தும்படி செய்தார். சோடியம் 98 பாகையில் உருகுவது என்பதை அறிந்தோர் இதன் நுட்பத்தை வியப்பர். ஆனால் இவை அரசுப் பணத்தால் நடந்த ஆராய்ச்சிகள். வீட்டுக் கொட்டகைக்கு இவற்றின் பயன் வந்துசேர நெடுங்காலமாயிற்று.

இனி அந்தக் கொட்டகைகளுக்குச் செல்வோம். 1932இல் போர்ட் நிறுவனம் எட்டுச் சிலிண்டர் எந்திரத்தைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது. 65 குதிரைவலு கொண்ட அவ்வெந்திரத்தைக் கலிபோர்ணியாவின் இளைஞர் பழைய கார்களிற் பூட்டித் திருத்தி, முரோக், எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரிப் படுக்கைகளில் நேரம் பார்த்து ஓட்டினர். 1937இல் அவர்களின் கழகங்கள் ஒரு சங்கமாகவும் கூடின. அந்த எந்திரத்தின் பிறவிக் குறை ஒன்றுண்டு. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தே இரும்புக் கட்டையிலேயே அமைந்திருந்தமையால், எரிந்த புகை கட்டையை ஊடறுத்து வெளிப்புறம் செல்ல வேண்டியிருந்தது. நடுவிலுள்ள இரு சிலிண்டர்களுக்கும் ஒரே வாய். புகையின் சூட்டையெல்லாம் போகும் வழியில் நீர் வாங்கிக்கொண்டது. 1937இல் நீர் இறைக்கும் பம்பிகளைச் சிலிண்டர்த் தலையிலிருந்து கட்டையின் முன்புறத்துக்கு நிறுவனம் மாற்றியது. ஓரளவே பயன் விளைந்தது. ஏரிப் படுக்கையில் ஓட்டம் சில மைல்களில் முடிந்துவிடும். சூடு ஏறிமுடியுமுன் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். அதே கார் நகரத் தெருவிலே நெரிசலில் நிற்கும்போதுதான் கொதித்தது. நீர் மானியின் முள்ளை நோக்கியவருக்கு நடுச் சிலிண்டர்களின் நிலை தெரியவில்லை. எட்டுக்கும் பொதுவான ஒரு சராசரியே தெரிந்தது.

இடத்தின் சிறப்பை இதனினும் தெளிவாகக் காட்டுவது வொக்ஸ்வாகன் காரின் வரலாறு. பேர்டினண்ட் போர்ஷே 1930களில் வகுத்த அந்த 'வண்டுக்' கார், 1945இலே பிரித்தானியப் படையதிகாரி ஐவன் ஹேர்ஸ்ற் என்பவரின் முயற்சியால் மீண்டும் உற்பத்தியாகி, 2003இல் மெக்சிக்கோவிலே ஓயும்வரை இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. அதற்கு றேடியேற்றர் இல்லை, நீரில்லை. ஒரு பட்டியாற் சுழலும் விசிறி நான்கு சிலிண்டர்களின் மீதும் காற்றை ஊதியது. போருக்குப் பிந்திய எந்திரத்தின் வலு 25 குதிரை மட்டுமே. அவ்வளவு சிறிய வலுவுக்குப் போதிய குளிர்ச்சியைச் செய்தவர்கள் அளந்தே கொடுத்திருந்தனர்.

மக்களோ அதனோடு நிற்கவில்லை. 1948இலே போர்ஷேயின் பெயர் தாங்கிய முதற் கார், திருத்திய வொக்ஸ்வாகன் எந்திரத்தையே கொண்டது. 1951 முதல் யேர்மனியில் ஓற்றிங்கர் என்பவரின் 'ஒக்ராசா' நிறுவனம் இரட்டைக் காபுரேற்றரும் புதிய சிலிண்டர்த் தலைகளும் அடங்கிய தொகுதிகளை விற்றது. கலிபோர்ணியாவின் றிவர்சைட் நகரத்திலே ஜோ விற்றோன் 1950களின் நடுவே 'எம்பி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வார இறுதியில் வீட்டிலேயே கூடுதல் வலுவைப் பூட்டிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது.

அப்போதுதான் மூன்றாம் சிலிண்டரின் கதை வெளிப்பட்டது. எந்திரத்தின் எண்ணெயைக் குளிர்த்தும் சிறு கூடு, விசிறிக் கூண்டினுள்ளே, இடப்பக்கத்து முன் சிலிண்டரான மூன்றாவதற்கு நேர்மேலே நின்றது. மற்றவற்றுக்குப் புதுக்காற்று, மூன்றாவதற்கோ, கூடு மறித்ததுபோக எஞ்சிய காற்று, அதுவும் எண்ணெயின் சூட்டை ஏற்றுக்கொண்டு வந்த காற்று. வெளியேற்று வால்வு எரிவதும் அதன் தலை முறிந்து வீழ்வதும் இச்சிலிண்டரிலேயே மிகுதி. முறிந்த தலை ஆடுதண்டின்மீது விழுந்தால் ஒரு நொடியில் எந்திரம் முழுவதும் பாழ். செய்தவர்கள் இதை அறியாதவர்களல்லர். சில ஆண்டுகளில் வந்த டிஸ்ரிபியூற்றர்களிலே மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சில பாகை பிந்தி விழும்படி அமைத்திருந்தனர். நான்குக்கும் ஒரேயளவாகப் பொறி தரும் வேறொன்றை ஆசையுடன் வாங்கிப் பூட்டியவர், தாம் எதை அகற்றினோம் என்பதை அறியாமலே அந்தக் காவலை அகற்றினார்.

இத்தகைய அறியாக் கேடுகள் வேறும் உண்டு. விசிறி உண்ணும் வலுவை மிச்சம்பிடிக்க எண்ணிச் சிறிய கப்பியைப் பூட்டினர். விசிறி மெதுவாகிக் காற்றுக் குறைந்தது. பாரத்தைக் குறைக்க எந்திரத்தைச் சூழ்ந்த தகடுகளைக் கழற்றினர். கீழேயுள்ள புகைக்குழாயின் சூடான காற்றையே விசிறி மீண்டும் உறிஞ்சியது. தகடு வெறும் மூடி என்றே அவர்கள் நினைத்தனர். வலு கூடியதைச் சாரதியின் முதுகு உணர்ந்தது. சூடு கூடியதை உணர ஓர் உறுப்பும் இல்லை.

அந்த உறுப்பாக வந்தது பிளக்கின் கீழே வளையமாகப் பொருத்தும் வெப்பவிணை. பிளக்கைக் கழற்றி, வாசருக்குப் பதிலாக இவ்வளையத்தை இட்டு இறுக்கினால், சிலிண்டர்த் தலையின் சூடு முன்பலகையில் தெரியும். இதற்கு மின்கலமும் வேண்டியதில்லை. வெப்பமே முள்ளை அசைக்கிறது. பெரும்பாலும் ஒரு வளையமும் ஒரு மீற்றருமே வாங்கக் கிடைத்தன. எந்தச் சிலிண்டரில் இடுவது என்ற கேள்விக்கு விடையறிந்தவர் மூன்றாவதில் இட்டார். கைக்கு எட்டும் எளிமை கருதி முதலாவதில் இட்டவருக்கு அம்மீற்றர் உண்மையையே சொன்னது. ஆனால் வேண்டாத உண்மையை.

முன்னே கூறிய இயல்பு இங்கே குறுக்கிடுகிறது. எளிய மீற்றர்கள் தம் முனையின் சூடு ஏறத்தாழ 20 பாகையென எடுத்துக்கொண்டு அளவிடப்பட்டவை. மூடிய காரினுள் 35 பாகை நிலவும் வெப்பநாட்டு நண்பகலில் அவை 15 பாகை குறைத்துக் காட்டும். குளிர்நாட்டு விடியலிற் கூட்டிக் காட்டும். கம்பி நீளமென்று கருதி வெட்டிக் குறுக்கினாலும் கணக்குத் தவறும். ஏனெனில் கம்பியின் தடையையும் சேர்த்தே அளவுகோல் வரைந்திருக்கிறார்கள். ஆதலால் நேற்றுக் கண்ட 190ஐயும் இன்று கண்ட 190ஐயும் ஒன்றென்று கொள்ளலாகாது.

குறிப்பேடு புகுவது இவ்விடத்திலேதான். சூடு என்று ஓர் எண்ணை மட்டும் எழுதினாற் பயனில்லை. வெளிக்காற்றின் சூடு, வேகம், கியர், ஏற்றமா சமதரையா, எண்ணெயின் சூடு, தீப்பொறி வைத்த பாகை, காபுரேற்றரில் இட்ட துவாரத்தின் அளவு ஆகியவற்றை உடன் எழுதினால்தான் ஒரு நாளை மறுநாளோடு ஒப்பிடலாம். ஒரே நேரத்தில் ஒன்றைமட்டும் மாற்றவேண்டும். இரண்டை மாற்றியவருக்கு எது காரணம் என்று குறிப்பேடும் சொல்லாது. இது சலிப்பூட்டும் வேலை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். வேகத்துக்காகக் காரைத் திருத்தும் மனம் பென்சிலுக்கும் கோடிட்ட தாளுக்கும் எளிதில் இணங்குவதில்லை.

புகையின் சூட்டை அளப்போருக்குக் குறிப்பேடு இன்னும் இன்றியமையாதது. வெளியேற்றுக் குழாயிற் செருகிய வெப்பவிணை ஒரு நொடியில் விடைசொல்லும். ஆனால் அவ்விடை இருபொருள் உடையது. பெற்றோலைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சென்றால் புகையின் சூடு ஓர் உச்சிவரை ஏறி, பின் இறங்கும். இறங்குவதைக் கண்டவர் தாம் உச்சியின் எப்பக்கத்தில் நிற்கிறார் என்பதை அந்த ஓர் எண்ணைக்கொண்டு அறியார்; வந்த வழி எழுதப்பட்டிருந்தாலே அறிவார். தீப்பொறியை முன்னே தள்ளினால் புகை குளிரும், சிலிண்டர்த் தலை சூடேறும். பின்னே தள்ளினால் தலை குளிரும், புகை சூடேறும். புகை மானியை மட்டும் நம்பிப் பொறியை முன்தள்ளியவர், முள் இறங்க இறங்க மகிழ்ந்துகொண்டே எந்திரத்தை அழிவுக்கு அழைத்துச் செல்வார்.

தொழிற்சாலையும் தன் பங்கைச் செய்தது. 1971ஆம் ஆண்டுக்குரிய கார்களிலே வொக்ஸ்வாகன் நிறுவனம் எண்ணெய்க் கூட்டை மூன்றாம் சிலிண்டரின் மேலிருந்து அகற்றி, விசிறிக் கூண்டின் புறத்தே தனி அறையொன்றில் வைத்து, அதன் சூடான காற்றை வேறுவழியே வெளியேற்றியது. உருவத்தைக்கொண்டு 'நாய்க்கூடு' என்று கார்ப்பிரியர் அதற்குப் பெயரிட்டனர். பழைய கார் வைத்திருந்தோர் அக்கூண்டைத் தேடிவாங்கித் தம் எந்திரங்களிற் பூட்டினர். வலு கூட்டும் பொருளையே தேடியலைந்தோர் காற்றைப் பகிரும் ஒரு தகரக் கூண்டுக்குப் பணம் கொடுத்தது அதன் அருமையை அறிந்ததாலேயே.

பின்வந்த மாற்றம் மின்னணுவியலின் வரவு. 1980களில் பெரும்பந்தயக் கார்கள் தம் சூட்டையும் வேகத்தையும் ஓடும்போதே பதிந்துகொள்ளவும், குழுவினருக்கு வானலையில் அனுப்பவும் தொடங்கின. புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்கரான போலிங், கிறிப்போ இருவரும் 'மெகாஸ்குவேட்' என்னும் எரிபொருட் கட்டுப்பாட்டுக் கருவியை வீட்டிலே தாமே பூட்டிக்கொள்வோருக்காக வகுத்தனர். நீரின் சூடும் உட்புகும் காற்றின் சூடும் அதனூடாகக் கணினியிற் பதிவாயின. இன்று கைக்குள் அடங்கும் ஒரு சிறு பலகை, நான்கு சிலிண்டர்களுக்கும் நான்கு வெப்பவிணைகளை ஏற்று, ஒவ்வொரு நொடியும் பலமுறை அளந்து, பயணம் முழுவதையும் கோடாக வரைந்துவிடுகிறது. மூன்றாவது கோடு மற்ற மூன்றினின்றும் விலகி எந்த ஏற்றத்தில் எழத் தொடங்குகிறது என்பதை, வீடு திரும்பியபின் மேசையில் அமர்ந்து நிதானமாகக் காணலாம். வெளிச்சூட்டைப் பென்சிலால் எழுதித் திருத்தவேண்டிய தொல்லையும் அதில் இல்லை. வெப்பவிணையின் குளிர்முனை பொருந்தும் இடத்திலே அந்தச் சில்லு தன் சூட்டைத் தானே அளந்து, முதலிலேயே கணக்கிற் கூட்டிக்கொள்கிறது. வளையத்தை எந்தப் பிளக்கின் கீழ் இடுவது என்பதைமட்டும் இன்றும் மனிதனே தீர்மானிக்கிறான்.